குறையலாம் என்றுதான் சொன்னேன்

29 ஏப்ரல் 2025, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஈப்போவில் எங்கள் புந்தோங் முச்சந்தியில் தண்ணீர் தேங்கி, மோட்டார்காரர்கள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை நடுரோட்டில் இப்படிப் போகலாமா என்று பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

அலுவலகத்தில் ஒரே உற்சாகம். எங்கள் இணைய வானொலிக்கு அழகப்பன் அண்ணன் பெரிய விளம்பரம் ஒன்றைப் பிடித்துவிட்டார். பத்து காஜா ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் வரிசை வீடுகள் கட்டுகிறார்களாம். அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளர் உடையப்பன் வந்திருந்தார். வாசனைத் திரவியம், காலில் பளபளக்கும் சப்பாத்து. "ஒங்க நிகழ்ச்சிய எங்கம்மா விடாம கேப்பாங்க," என்றார். கிளம்பும்போது, "இனிமே அது நம்ம நிகழ்ச்சி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்ம நிகழ்ச்சியா? வங்கிக் கடன் பிரிவில் பதினாலு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். கிளையை மூடினார்கள், வெளியே வந்தேன், அழகப்பன் அண்ணன் மைக்கைக் கொடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், வட்டி, கடன், சேமிப்பு, ஏமாற்று வேலை எல்லாவற்றையும் தமிழில் பேசுகிறேன். அதில் ஒரு வரிகூட இதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

பார்க்கலாம்.

3 மே, சனி

தங்கை பிரமிளாவும் அவள் வீட்டுக்காரர் கோகிலனும் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தார்கள். பிரமிளா உட்காரவே இல்லை. அடுப்படியில் நின்றபடி கையாலேயே வீட்டைக் கட்டிக் காட்டினாள். "கோர்னர் வீடுக்கா, வரிசையில கடைசி. பக்கத்துல இவ்ளோ எடம் சும்மா கெடக்கு. காடி நிப்பாட்டலாம், முருங்க வைக்கலாம். பின்னால கதவத் தொறந்தா காத்து அள்ளிக்கிட்டுப் போவுது."

அந்த நிலத்தில்தான் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். தோட்டத்தை விற்றபோது லயத்திலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். ஆளுக்கொரு வீடு கேட்டதற்கு இடமில்லை என்றார்கள். இப்போது இடம் வந்துவிட்டது, வாங்குகிறவர்களுக்கு. இதைச் சொன்னதும் பிரமிளா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதுக்குத்தாங்க்கா வாங்கணும். வெரட்டுன எடத்துல நம்ம பேர்ல கிராண்ட், நெலப் பத்திரம் வாங்கிப் போய் உக்காரணும்."

எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. அவள் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

8 மே, வியாழன்

மூன்று மணிக்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அறிக்கை வந்தது. வட்டி மாறவில்லை. இரண்டு வருடமாக நிற்கும் அதே மூன்று விழுக்காடு. அடுத்த கூட்டம் ஜூலையில். ஆனால் வேறொன்று செய்திருக்கிறார்கள்: வங்கிகள் நெகாராவிடம் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய தொகையின் விகிதத்தை இரண்டு விழுக்காட்டிலிருந்து ஒன்றாக இறக்கியிருக்கிறார்கள். நாட்டின் வளர்ச்சிக்கு எதிரான ஆபத்துகளே கூடுதல் என்றும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கா போடப்போகும் வரியைப் பற்றிய பயம்.

நான் போன அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பெரிய ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் படிப்பார்கள். போன தடவை இருந்த சொல் இந்தத் தடவை இருக்கிறதா? புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் சொல் எது? "அடுத்த கூட்டத்தில் குறைப்போம்" என்று நெகாரா ஒருநாளும் சொல்லாது. பேச்சின் தொனியைக் கொஞ்சம் மாற்றும். அதைப் புரிந்துகொண்டவர்கள் முன்கூட்டியே தயாராவார்கள். புரியாதவர்களுக்கு ஒருநாள் வங்கியிலிருந்து கடிதம் வரும், தவணை மாறிவிட்டது என்று. 2022இலும் 2023இலும் ஐந்து தடவை ஏற்றினார்கள். அப்போது என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற முகங்கள் எனக்கு மறக்காது. "யாருமே சொல்லலையே மேடம்," என்பார்கள். சொல்லித்தான் இருந்தார்கள். தமிழில் சொல்லவில்லை.

அழகப்பன் அண்ணன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"என்னா சொல்லுது?"

"மாத்தலண்ணே. ஆனா நெலம மோசமானா குறைக்கிறதுக்கு எடம் வச்சிருக்காங்க."

"அப்ப குறையும்."

"குறையலாம்."

"அதான் சொல்றேன், குறையும்."

"இல்லண்ணே. குறையலாம்."

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் நிகழ்ச்சியில் "குறையலாம்" என்றே பேசினேன். எதெல்லாம் நடந்தால் குறையும், எது நடந்தால் குறையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருத்தர்கூட நடுவில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகவில்லை. கேள்விகள் கேட்டார்கள், நல்ல கேள்விகள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், என் முகத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் மேல் சிவப்பு எழுத்தில்: "ஜூலையில் வட்டி குறைகிறது!"

நானா சொன்னேன்? என் வாயிலிருந்து வந்ததா அது?

9 மே, வெள்ளி

சண்டை. தலைப்பை எடுக்கச் சொன்னேன். அழகப்பன் அண்ணன் எடுக்கவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு இருந்தா, வந்தா, போனான்னு இழுத்தா புரியாது சரளா. ஒண்ணு ஆமான்னு சொல்லணும், இல்லாட்டி இல்லன்னு சொல்லணும்."

எனக்கு வந்ததே கோபம்.

"நம்ம சனத்துக்கா புரியாது? சம்பளம் வந்தா அரிசி, ஓ.டி. இருந்தா மீனு, மழ பேயாட்டி வேலன்னு பொழச்ச சனம்ண்ணே. 'ஆனா', 'போனா'ங்கிறத வச்சே வாழ்க்கைய ஓட்டுனவங்க. அவங்களுக்கா புரியாது?"

அவர் எழுந்து வெளியே போனார். தலைப்பு அப்படியே இருக்கிறது.

14 மே, புதன்

பிரமிளாவும் கோகிலனும் வந்தார்கள். அவள் கையில் முன்பதிவுத் தாள்.

"வட்டி குறையப் போவுதுன்னு ஒன் ரேடியோவே சொல்லுது. கையெழுத்துப் போட்ருலாமா?"

நான் கோகிலனைக் கேட்டேன், கூடுதல் நேர வேலையான ஓ.டி. இல்லாமல் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் தவணை கட்ட முடியுமா என்று. அவர் பிரமிளாவைப் பார்த்தார். மெங்லெம்பு பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே செய்யும் இரும்புச் சாமான்கள் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகின்றன.

"ஓ.டி. இருக்கும்லா," என்றாள் பிரமிளா.

"நெகாரா ஏன் வட்டியக் குறைக்கும்னு யோசி. நாடு நல்லா ஓடுனா குறைக்காது. ஆர்டர் நிக்கும், வேலை கொறையும்னு பயந்தாத்தான் குறைக்கும். ஒங்க வட்டி எறங்குற நேரமும் இவரு ஓ.டி. நிக்கிற நேரமும் ஒண்ணா வரலாம்."

"எப்பப் பாரு லாம், லாம். ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லமாட்டியாக்கா?"

"சொல்றேன். வட்டி இப்படியே நின்னாலும், இன்னும் அர விழுக்காடு ஏறுனாலும், ஓ.டி. இல்லாம ஒங்களால கட்ட முடியும்னா இப்பவே போடு. முடியாதுன்னா ஜூலை கூட்டம் வரைக்கும் பொறு."

கோகிலன் தலையாட்டினார். பிரமிளா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சாப்பிடாமல் போனாள்.

அக்காவாகப் பேசினேனா, மைக் முன்னால் உட்காருகிறவளாகப் பேசினேனா? இரண்டுக்கும் வேறு வேறு பதிலா இருக்கிறது? இல்லை. அப்படி இருந்தால்தான் தப்பு.

22 மே, வியாழன்

மதியம் மேசையில் ஒரு தாள். நான் வாசிக்க வேண்டிய விளம்பரம். "பேங்க் நெகாராவே சொல்லிவிட்டது! ஜூலையில் வட்டி குறைகிறது. இன்றே முன்பதிவு செய்யுங்கள்!" கீழே: சரளாவின் குரலில்.

அழகப்பன் அண்ணனிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும், நாளைக்கு எனக்கே மறந்துபோகும். கிளை மூடியபோது ஈப்போவில் எனக்கு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் வட்டித் தொழில் செய்த செட்டியார் குடும்பம்.

"ஆறு பேருக்குச் சம்பளம் குடுக்கணும். அதுல ஒங்க சம்பளமும் இருக்கு. வட்டி எப்பிடி ஏறும், எறங்கும்னு எனக்கே சொல்லித் தர்றீகளா?"

"குடுக்குறவங்க கணக்கு ஒங்களுக்குத் தெரியும்ண்ணே. வாங்குறவங்க கணக்கு எனக்குத் தெரியும்."

"வாசிக்க முடியுமா, முடியாதா?"

"வாசிக்கிறேன்."

வாசித்தேன். நேரலையில், ஒரு சொல் விடாமல். பிறகு சொன்னேன்: "இது எங்கிட்ட குடுத்த விளம்பரம். இப்ப நெகாரா எழுதுனத வாசிக்கிறேன், கேளுங்க." ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தேன். "இதுல ஜூலைன்னு எங்கயும் இல்ல. குறைப்போம்னும் இல்ல. குறையாதுன்னும் நான் சொல்லல. யாராவது கண்டிப்பா குறையும்னு சொல்லி ஒங்ககிட்ட கையெழுத்து வாங்க வந்தா, அது அவங்க பேச்சு. நெகாரா பேச்சு இல்ல."

இன்னும் பேசியிருப்பேன். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

23 மே, வெள்ளி

வேலை போயிற்று. பசியாறினேன். இரண்டு தோசை, கூட ஒன்று.

5 ஜூன், வியாழன்

பகலில் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கால் வலிக்கிறது. சாயங்காலம் பழக்க தோஷம், ஐந்து மணி ஆனதும் தொண்டை அரித்தது. போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பித்தேன். அதிகம் இல்லை, ஒரு பாட்டு நேரம். புந்தோங் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

என் கணவர் யுகேந்திரன், ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து மீன் லாரியை ஓட்டிவந்து விட்டுவிட்டு வந்தவர், வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டார். அவர் இதுவரை என் நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டதே இல்லை.

"நல்லாத்தான் பேசுற. ஆனா நெகாரா ஏன் இப்பிடிச் சுத்தி வளைக்குது? செய்யப்போறத நேரா சொல்லிட்டாத்தான் என்னா?"

"நேரா சொல்லிட்டு, நெலம மாறி, செய்ய முடியாமப் போனா? அப்புறம் யாரு நம்புவா? அதே நேரம் வாயவே தொறக்காம திடீர்னு மாத்துனா எல்லாரும் கலங்கிப் போவாங்க. அதனால இப்பிடிப் போனா இப்பிடிச் செய்வோம்னு முன்னாடியே காட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப அவங்களுக்கும் தெரியாது."

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ல அத்தன பேரு கோட்டு போட்டு உக்காந்துருக்காங்களா!" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

சிரிக்கட்டும். தெரியாததை இவ்வளவு கவனமாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. நான் சண்டை போடுவது அவர்களோடு இல்லை. அவர்களுடைய "ஒருவேளை"யைத் திருடிவிட்டு "கண்டிப்பாக" என்று விற்கிறவர்களோடு.

19 ஜூன், வியாழன்

கோர்னர் வீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். பிரமிளா அனுப்பிய செய்தி ஒரே வரி: "போச்சுக்கா."

போன் செய்தேன். எடுக்கவில்லை.

9 ஜூலை, புதன்

குறைத்துவிட்டார்கள்.

மூன்றிலிருந்து இரண்டே முக்கால். முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்று அறிக்கையில் இருக்கிறது. கடையில் சேலைக்குப் பில் போட்டுக்கொண்டே போனில் பார்த்தேன். வாடிக்கையாளர் அம்மா, "என்னம்மா, மீதி காசு?" என்று கேட்ட பிறகுதான் கை அசைந்தது.

பழைய வானொலி ஐந்து மணிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. "நாங்கள் சொன்னோம்! நடந்தது!" உடையப்பன் மாலை போட்டுக்கொள்ளாத குறையாகப் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை. "சில பேரு பயமுறுத்துனாங்க" என்றார். அதோடு நிறுத்தாமல், "செப்டம்பர்ல இன்னொரு தடவ குறையுது, எழுதி வச்சுக்குங்க" என்றார்.

குழுவில் ஒருத்தி சிரிப்புப் படம் போட்டாள். இன்னொருத்தி, "சரளாக்கா இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள்.

அதற்கப்புறம் பிரமிளா. இருபது நாளாக எடுக்காதவள் அவளே அழைத்தாள்.

"குறைச்சிட்டாங்க. கேட்டியா?"

"கேட்டேன்."

"நீ பொறுன்னு சொன்ன. பொறுத்தேன். வீடும் போச்சு, வட்டியும் கொறஞ்சிருச்சு. அந்த ஆளு சொன்னதுதானே நடந்துச்சு? ஒனக்கு ஒன் வார்த்த சுத்தமா இருக்கணும், அவ்ளோதான். நாங்க எப்படிப் போனா என்னா? நீ எங்க வீட்டையா பாத்த? ஒன் நாக்கத்தான் பாத்த!"

வைத்துவிட்டாள்.

நாக்கைத்தான் பார்த்தேனா? அடிப்பாவி. ஒன்னத் தூக்கி வளத்தவடி நான். ஒனக்கு ஜுரம்னா ராத்திரி பூரா முழிச்சவ. அந்த வீட்ட நீ கையால கட்டிக் காட்டுனப்ப எனக்கு மட்டும் ஆசையா இல்ல? அப்பா நின்ன மண்ணுல நீ நிக்கணும்னு எனக்கு இல்லையா? —

போதும். அழுதது போதும்.

நிதானமாக யோசிக்க வேண்டும். குறைந்தது. சரி. அதனால் அவர்கள் மே மாதத்தில் சொன்னது உண்மையாகிவிடுமா? மே மாதம் நெகாராவே முடிவு எடுத்திருக்கவில்லை. எடுக்காத முடிவை எடுத்ததாகச் சொன்னது பொய். பொய் சொன்ன பிறகு அது பலித்துவிட்டால், பலித்த பொய். அவ்வளவுதான்.

ஆனால் வீடு போனது பொய் இல்லை. என் பேச்சால்தான் போனது. அதையும் நான்தான் எழுதி வைக்க வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

யுகேந்திரன், "இந்த வாரம் பேசாம இரேன், கொஞ்சம் ஆறட்டும்," என்றார். இந்த வாரம் பேசாவிட்டால் பிறகு எந்த வாரமும் பேச முடியாது. ஐந்து மணிக்குப் பேசினேன்.

"நேத்து வட்டிய குறைச்சிட்டாங்க. நான் குறையலாம்னு சொன்னேன், அவங்க குறையும்னு சொன்னாங்க. குறைஞ்சிருச்சு. அதுக்காக நான் ஒளிய மாட்டேன். ஏன் குறைச்சாங்கன்னு கேளுங்க. வெளிநாட்டு ஆர்டர் கொறையும்ங்கிற பயத்துல முன்கூட்டியே குறைச்சிருக்காங்க. இது பரிசு இல்ல. கொட கொண்டு வந்து குடுக்குறாங்கன்னா மழ வருதுன்னு அர்த்தம். செப்டம்பர்ல மறுபடி குறையுமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்களுக்கும் தெரியாது."

குழுவிலிருந்து பதினோரு பேர் வெளியே போய்விட்டார்கள். போகட்டும். இருக்கிறவர்களுக்குப் பேசுவேன். யாருமே இல்லாவிட்டால் அரிசி டப்பாவுக்குப் பேசுவேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கோகிலன் தனியாக வந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஓ.டி. நிப்பாட்டிட்டாங்கக்கா. ஆர்டர் இல்லியாம். வருசக் கடைசி வரைக்கும்னு சொல்றாங்க."

கோப்பி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

"வீடு எடுத்திருந்தா இந்நேரம் திண்டாடியிருப்போம்," என்றார். "நான் அவகிட்ட சொன்னேன். அவ ஒத்துக்க மாட்டேங்கிறா. எப்படியாவது கட்டியிருப்போம், ரெண்டு வேல பாத்தாவது கட்டியிருப்போம்ங்கிறா."

கட்டியிருப்பார்கள், ஒருவேளை. பிரமிளாவை எனக்குத் தெரியும். இரவும் பகலும் தையல் மிஷினில் உட்கார்ந்து கட்டியிருப்பாள். கண் போயிருக்கும், வீடு இருந்திருக்கும். எது சரி என்று யார் சொல்வது?

நான் சொன்னது நடந்தது என்று ஒரு நொடி மனது துள்ளியது. சீ. தங்கை வீட்டு அடுப்பு சிறுத்ததற்கா துள்ளுவது?

"அக்கா ஒண்ணும் சொல்லலன்னு அவகிட்ட சொல்லுங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

4 செப்டம்பர், வியாழன்

குறைக்கவில்லை. இரண்டே முக்காலில் நிறுத்திவிட்டார்கள்.

"எழுதி வச்சுக்குங்க" என்றவர்களின் பதிவைத் தேடினேன். நீக்கிவிட்டார்கள்.

குழுவில் சிலர் எனக்குப் பூ படமாக அனுப்பினார்கள். வேண்டாம் என்று எழுதினேன். ஜூலையில் குறைந்ததால் அவர்கள் சொன்னது சரியாகவில்லை என்றால், செப்டம்பரில் குறையாததால் நான் பெரிய ஆள் ஆகிவிடவும் முடியாது. இன்றைக்குக் குறைத்திருந்தாலும் நான் இதையேதான் பேசியிருப்பேன்.

ஆறு மணிக்கு அழகப்பன் அண்ணன் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"போன வாரம் முன்பதிவு பண்ணவுக நாலு பேரு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறாக. ரெண்டு தடவ குறையும்னு நம்பித்தான் போட்டோம்ங்கிறாக. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சரளா. நீங்க சொன்னா கேப்பாக. வேலையும் அப்படியே இருக்கு."

"என்ன சொல்லணும்ண்ணே?"

"இப்ப இல்லாட்டியும் நவம்பர்ல குறையும்னு..."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார், களைத்துப்போன சிரிப்பு.

"வர மாட்டீக."

"வரமாட்டேன். ஆனா அந்த நாலு பேரோட நம்பரக் குடுங்க. அவங்க கணக்க நான் பாத்துக் குடுக்குறேன். இனிமே குறையவே குறையாதுன்னு வச்சுக்கிட்டு என்ன செய்யலாம்னு பேசுவோம்."

கொடுத்தார்.

14 செப்டம்பர், ஞாயிறு

நாலு பேரில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குத் தவணை கட்ட முடியும். இன்னொருவர் முன்பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது என்றேன், கேட்டுக்கொண்டார். மூன்றாமவர், "நீங்க எங்கள வாழ விடமாட்டீங்க," என்று எழுந்து போனார். எல்லாரையும் நான் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று சட்டமா?

6 நவம்பர், வியாழன்

இன்றும் மாற்றவில்லை. இரண்டே முக்கால். கடையில் தீபாவளிக்குப் பிறகு கூட்டமே இல்லை. சனிக்கிழமை ஒரு கூட்டத்தில் பேச வேண்டும்; அதற்காகக் குறிப்பு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

8 நவம்பர், சனி

பத்து காஜா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் காளியம்மா என்பவர் என் பதிவுகளைக் கேட்டுவிட்டு இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இருப்பது, தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் குடியேறிய ஒரு தாமான் குடியிருப்பு. கோயில் மண்டபத்தில் கூட்டம். உடையப்பனின் ஆட்கள் அடுத்த கட்ட வீடுகளுக்கு அங்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்களாம். "அவங்க பேசிட்டாங்க. நீங்களும் வந்து பேசுங்க. நாங்க ரெண்டையும் கேட்டுக்கிறோம்," என்றார் காளியம்மா.

யுகேந்திரனுக்கு லாரி ஓட்டம். பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பியபோது வாசலில் பிரமிளாவின் காடி நின்றது. கோகிலன் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி, "ஏறு," என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. போகும் வழியெல்லாம் இரண்டாவது வார்த்தை வரவில்லை. மழைக்குத் துடைப்பான் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். நான் அறிக்கையை வாசித்தேன். நெகாரா எப்படிப் பேசும், எதை வைத்துத் தொனியை மாற்றும், ஒவ்வொரு தடவையும் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு காளியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாஞ் சரிதான். அடுத்த வருசம் குறையுமா, குறையாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ஈப்போல இருந்து இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"ஆமா."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரும் எழுந்து போகவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். பிரமிளா. எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ஒரு கேள்வி. நான் இவங்க பேச்சக் கேட்டு ஒரு வீட்ட விட்டவ. ரெண்டு மாசம் பொறுன்னாங்க, பொறுத்தேன், வீடு போச்சு. அதுக்கு என்னா சொல்றீங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் என் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது. என்னை அக்கா என்றும் அவள் கூப்பிடவில்லை.

மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்க வீடு போனதுக்கு என் பேச்சுதான் காரணம். வட்டி குறையும்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. ஒங்க வீட்டுக்காரர் ஓ.டி. நிக்கும்னும் எனக்குத் தெரியாது. நின்னா ஒங்களால தாங்க முடியுமான்னு மட்டும்தான் கேட்டேன். அது ஒங்களுக்கு ரொம்ப ஆசப்பட்ட வீடுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். இன்னிக்கு வந்து அதே தாளக் காட்டுனாலும் அதையேதான் கேப்பேன். நீங்க என்மேல கோவமா இருக்கலாம். கோவத்துக்குப் பயந்து வேற மாதிரி சொல்லமாட்டேன்."

பிரமிளா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியதா, வெளிச்சமா தெரியவில்லை.

"சரி," என்றாள். உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. தன் சம்பளச் சீட்டையே எடுத்து நீட்டிய பெண்ணும் உண்டு. மண்டபத்தைப் பூட்டுகிறவர் வந்து சாவியை ஆட்டிக் காட்டிய பிறகுதான் கலைந்தோம்.

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. பத்து காஜா விளக்குகளைத் தாண்டிய பிறகு பிரமிளா ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"நாளைக்கு மெங்லெம்புல ஒரு பழைய வீடு பாக்கப் போறோம். சின்னதுதான். ஓ.டி. இல்லாமத்தான் கணக்குப் போட்டுருக்கோம். காலைல வந்து ஏத்திக்கிறேன். சாப்ட்டுட்டு ரெடியா இரு."